காற்றை இறக்கி ஓட்டியவன்

ஜெயகாந்தன் என்ற பெயரை நான் முதன்முதலாகக் கேட்டது என் தங்கை ராசம்மாவின் அடுப்படியில். அவளுடைய மகள் தனுஜாவுக்கு மாப்பிள்ளை தேடிக்கொண்டிருந்த நேரம். இறம்பொடைப் பக்கம் போய் வந்த உறவுக்காரர் ஒருவர் தேத்தண்ணியை ஊதிக்கொண்டே சொன்னார்: "பையன் பேரு ஜெயகாந்தன். சொந்தமா வேன் வச்சிருக்கான். குடி கிடையாது. பிள்ளைத்தாச்சிய ஏத்துனா வயித்துல உள்ளதுக்குக்கூடத் தெரியாம கொண்டுபோய் எறக்குவான்."

"யாரு மகன்?" என்று கேட்டேன். பேரைக் கேட்டதும் ஊரைக் கேட்பவர்கள் உண்டு; நான் பெற்றவளைக் கேட்பேன்.

"காளியாயி மகன். மூக்கன் கங்காணிக்குப் பேரன்."

மூக்கன் கங்காணியின் தங்கையைத்தான் என் மாமனாரின் தம்பிக்குக் கொடுத்திருந்தார்கள். அதனால் காளியாயி எனக்குத் தெரியாதவள் இல்லை. அவளுக்கு நேர்ந்ததும் தெரியும்.

காளியாயிக்கு ஜெயகாந்தன் மூத்தவன் இல்லை. அவனுக்கு முன்னால் ஒன்று இருந்தது. வலி கண்டதும் அவளைத் தேயிலைத் தோட்டத்து டிராக்டர் பெட்டியில் சாக்கை விரித்துப் படுக்கவைத்து, மேல் டிவிசன் கல் ரோட்டில் இறக்கினார்கள். அந்த ரோட்டைப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். வெள்ளைக்காரன் காலத்தில் கல் பதித்தது; மண் கரைந்துபோய்க் கல் மட்டும் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கும். தார் ரோட்டை எட்டுவதற்குள் பெட்டியிலேயே பிள்ளை பிறந்தது. சத்தம் போடவில்லை. ஆஸ்பத்திரியில் பிள்ளையின் கழுத்தில் கொடி சுற்றியிருந்தது என்று ஏதோ காரணம் சொன்னார்களாம். அதை லயத்து வீட்டு வரிசைகளில் யார் காதில் வாங்கினார்கள்? கல்லுதான் கொன்றது என்று எல்லோரும் சொன்னார்கள். காளியாயியும் அதையே நம்பினாள். அடுத்துப் பிறந்த மகனுக்குப் பாலோடு அதையும் ஊட்டினாள்.

அப்படி வளர்ந்தவன் வேன் வாங்கினான். வாங்கிய நாளிலிருந்து அவனுக்கு ஒரே பயம்: கல்.

கலியாணம் முடிந்து தனுஜாவைக் கொண்டுபோய் விட்டபோதுதான் அவனுடைய வேலைமுறையை நேரில் பார்த்தேன். லயத்துக்கு முன்னால் வேன் நிற்கிறது. பக்கத்துக் காம்பரா வீட்டுக்காரி மாசமாக இருக்கிறாள், கிளினிக்குக்குப் போகவேண்டும். இவன் வேனைச் சுற்றிவந்து ஒவ்வொரு டயருக்குப் பக்கத்திலும் குந்தினான். மூடியைக் கழற்றினான். தீக்குச்சியின் பின்பக்கத்தை ஊசியில் வைத்து அமுக்கினான். உஸ்ஸென்று காற்று போனது. தலையைச் சாய்த்து அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே இருந்தான். வைத்தியர் நாடி பிடிக்கிற மாதிரி. எழுந்து குதிகாலால் டயரை ஓர் உதை. "போதும்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான்.

"என்னா மாப்பிள்ளை, ஊதுன காத்தை வெளிய விடுறீங்க?" என்றேன்.

"காத்து எறக்குனா டயரு மெத்தை மாதிரி ஆயிரும் பெரியம்மா. கல்லு குத்தாது. சந்திக்குப் போனதும் திருப்பி அடிச்சிக்குவேன்."

அந்தத் தோட்டத்தில் எல்லா வேன்காரர்களும் அப்படிச் செய்வார்கள்தான். பிள்ளைத்தாய்ச்சிக்கு, ஆபரேஷன் செய்து வருகிறவர்களுக்கு, பிரேதத்துக்கு. பிரேதத்துக்குக் கூட. ஆனால் ஜெயகாந்தனைப் போல் அதை விரதமாக வைத்திருந்தவன் யாருமில்லை. கொழுந்து பறிக்கிற பெண்கள் அவனுடைய வேனைத் தொட்டில் என்பார்கள். "காந்தன் தொட்டில்ல போனா தூக்கம் வருது, எறங்க மனசு வரல" என்று ஒருத்தி சொல்ல, "அப்ப ஒரு பிள்ளைய பெத்துட்டு மறுபடி ஏறு" என்று இன்னொருத்தி சொல்ல, மலை முழுக்கச் சிரிப்பாக இருக்கும்.

கல் ரோடு முடிந்து தார் ரோடு தொடங்குகிற சந்தியில் பாவாவின் டயர் கடை. தகரக் கூரை, காற்று அடிக்கிற மெஷின், சுவரெல்லாம் பழைய டயர். இறக்கிய காற்றை ஜெயகாந்தன் அங்கேதான் ஏற்றுவான். பாவாவை அவன் நானா, அதாவது அண்ணன், என்றுதான் கூப்பிடுவான்; அவருக்கும் அவன்மேல் பிரியம். திட்டாமல் மட்டும் காற்று அடிக்கமாட்டார்.

"தம்பி, உதைச்சுப் பாத்துச் சொல்றதுக்கு டயர் என்ன பூசணிக்காயா? இங்கிட்டு ஒண்ணுல இருபது இருக்கு, அங்கிட்டு ஒண்ணுல பதினெட்டு."

"கல் ரோட்டுல மெதுவாத்தானே வாறேன், பாவா நானா."

"கல்லு டயரைக் கொல்லாது தம்பி. காத்து இல்லாத டயரை தார்தான் கொல்லும். உருளுற ஒவ்வொரு சுத்துக்கும் பக்கம் மடங்கி மடங்கி எழும்பும். உள்ளுக்கு நூல் இருக்கு, அது சூடாகி ஒண்ணொண்ணா அறும். வெளிய புதுச் செருப்பு மாதிரி மினுங்கும். அறுத்துப் பாத்தாத்தான் தெரியும்."

பாவாவின் மகன் றுமைஸ் ஒருநாள் கொழும்பிலிருந்து வரும்போது ஒரு சாமான் கொண்டுவந்தான். டயர் மூடிக்குப் பதிலாகப் பூட்டுகிற நான்கு சின்ன மூடிகள். வண்டிக்குள் கண்ணாடிக்குக் கீழே வைக்கிற தீப்பெட்டி போன்ற ஒரு பெட்டி. வெயிலில் அதுவே சார்ஜ் ஆகுமாம். நான்கு டயருக்கும் நான்கு நம்பர் காட்டும். எந்த டயரில் காற்று குறைந்தாலும், சூடு ஏறினாலும், அந்த நம்பர் சிவப்பாகி மின்னும். கீச்சுக் கீச்சென்று கத்தும்.

றுமைஸ் அதைப் பூட்டிவிட்டுக் கதவைத் திறந்து கதவோரத் தூணைத் தடவிப் பார்த்தான். "காந்தன் அண்ணே, இதுல ஒரு ஸ்டிக்கர் இருக்கணுமே. முன்னுக்கு எவ்வளவு, பின்னுக்கு எவ்வளவு, ஆள் நிறைய ஏத்துனா எவ்வளவுன்னு கம்பெனிக்காரன் எழுதி ஒட்டியிருப்பானே."

அந்த இடத்தில் ஆஞ்சநேயர் மலையைத் தூக்கிக்கொண்டு பறந்துகொண்டிருந்தார். கம்பெனிக்காரன் எழுதியதன் மேலேயே ஜெயகாந்தன் சாமியை ஒட்டியிருந்தான். றுமைஸ் சிரிக்கவில்லை. ஓரத்தை நகத்தால் மெதுவாக உரித்து, அடியில் இருந்ததைப் படித்து, முப்பத்தைந்து என்று சொல்லிவிட்டு, சாமியைப் பழையபடி ஒட்டினான்.

"காலையில, வண்டி ஓடுறதுக்கு முந்திப் பாருங்க. அதுதான் சரியான கணக்கு. ஓடுன டயரு சூடாகி நம்பரைக் கூட்டிக் காட்டும். அதை நம்பி, காத்து இருக்குன்னு நினைச்சிராதீங்க. இங்க மேல குளிரு, கீழ கம்பளைக்குப் போனா வெயிலு. குளிருக்குக் காத்து சுருங்கும். அதுனால அடிக்கடி பாக்கணும்."

ஜெயகாந்தன் தலையை ஆட்டினான். நல்ல பிள்ளை, எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டுவான். ஆனால் கல் ரோட்டுக்குக் காற்று இறக்குவதை அவன் விடவில்லை. விட்டால்தானே பெட்டி சும்மா இருக்கும்? மேல் டிவிசனில் புறப்பட்டதிலிருந்து சந்திவரை அது கீச்சுக் கீச்சென்று கத்தும். ஏறியிருக்கிற பிள்ளைத்தாய்ச்சிகள் வயிற்றைப் பிடித்துக்கொள்வார்கள்.

காளியாயிக்கு அந்தச் சத்தம் ஆகவே ஆகாது. "பல்லி சொன்னாலே வெளிய கால் வைக்க யோசிப்போம். இது போற வழியெல்லாம் சொல்லிக்கிட்டு வருது. ஆஸ்பத்திரிக்குப் போறவளுக்கு இதா சகுனம்?" என்று கோயிலில் கொடுத்த சிவப்புத் துணியை மடித்து அதன்மேல் போட்டாள். சத்தம் கொஞ்சம் அமுங்கியது. நம்பர் தெரியாமல் போனது. ஜெயகாந்தன் கல் ரோட்டில் அதை அப்படியே விட்டான். சந்திக்கு வந்ததும் துணியை எடுப்பான், பாவா காற்று அடிப்பார், பெட்டி அடங்கும், போவான். அப்படியே பழகிவிட்டது. கல் ரோட்டில் பெட்டிக்கு முக்காடு. தார் ரோட்டில் முக்காடு எடுப்பு.

தனுஜா மாசமானாள். அவள் வயிறு வளர வளர ஜெயகாந்தனின் முகம் சுருங்கியது. ராத்தூக்கம் இல்லை என்று தனுஜா சொன்னாள். மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போய்க் கல் ரோட்டின் பள்ளங்களை அவனே மண் போட்டு நிரப்புவான், மழை வந்து கரைக்கும், திரும்பவும் போவான். ராசம்மாவுக்குக் கால் வீக்கம், மலை ஏற முடியாது. அதனால் பிள்ளைப்பேற்றுக்கு நான்தான் போய் நின்றேன்.

எட்டாம் மாதம். ஒரு வாரமாக மழை. நுவரெலியாவுக்குப் போகிற மேல் ரோட்டில் மண் சரிந்து பாதை அடைபட்டிருந்தது. வெள்ளிக்கிழமை பதினொரு மணி இருக்கும், தேத்தண்ணிக் கோப்பையை வாங்கிய கையோடு தனுஜா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள். "பெரியம்மா, தண்ணி போகுது" என்றாள்.

இன்னும் நாள் இருந்தது. ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டார்கள். மேலேயிருந்து வர வழியில்லை, கீழேயிருந்துதான் வரவேண்டும், நேரமாகும் என்றார்கள். மேலே போக முடியாவிட்டால் கீழே கம்பளைதான். மலையை முழுக்க இறங்கவேண்டும்.

ஜெயகாந்தன் வேனுக்கு ஓடினான். டயருக்குப் பக்கத்தில் குந்தினான். தீக்குச்சியை ஊசியில் வைத்து அமுக்கினான்.

"இன்னும் கொஞ்சம் எறக்குடா" என்று காளியாயி பின்னால் நின்றாள். "மத்தவங்களுக்கு எறக்குன மாதிரி இல்ல. இது நம்ம பிள்ளை."

இன்னும் இறக்கினான். அடுத்த லயத்து வேன்காரன் பிரதாப் குடையோடு வந்து பார்த்துவிட்டு, "டேய் காந்தா, இது டயரா தோசையா? இதுக்கு மேல எறக்குனா ரிம்முலதான் போகணும்" என்றான்.

"நீ ஒன் வேலையப் பாருடா" என்று காளியாயி அவனை விரட்டினாள்.

பின் சீட்டில் தனுஜா படுத்தாள். தலை என் மடியில். காளியாயி முன்னால் ஏறி, ஏறியதும் துணியை இழுத்துப் பெட்டியை மூடினாள். சொன்னால் நம்பமாட்டீர்கள், அந்தக் கல் ரோட்டில் வேன் ஓடம் மாதிரி போனது. ஒரு குலுக்கல் இல்லை. தனுஜா கண்ணை மூடியிருந்தாள். தார் ரோடு தெரிந்ததும் காளியாயி இரண்டு கையையும் கூப்பிக் கும்பிட்டாள். கல் முடிந்தது. அவளுக்கு எல்லாமே முடிந்தது.

சந்தியில் பாவாவின் கடை இழுத்து மூடியிருந்தது.

ஜெயகாந்தன் ஹோர்ன் அடித்தான். எதிரே வடை போடுகிற பெண் தலையை நீட்டினாள். "வெள்ளிக்கிழமையில்ல? ஜும்மாவுக்குப் போயிட்டாங்க, இறம்பொடைப் பள்ளிக்கு. வர நேரமாகும்."

றுமைஸுக்குப் போன் அடித்தான். தொழுகைக்குப் போனவன் போனை நிறுத்தி வைத்திருந்தான். ஜெயகாந்தன் கதவைத் திறந்து ஒரு காலை வெளியே வைத்தான். சீட்டுக்கு அடியில் காலால் மிதித்துக் காற்று அடிக்கிற பம்பு ஒன்று கிடந்தது. அதைத்தான் எடுக்கப் பார்த்தான். அந்த நேரம் தனுஜாவுக்கு வலி ஏறியது. பல்லைக் கடித்துக்கொண்டு சத்தம் போட்டாள்.

"எங்கடா எறங்குற?" என்று காளியாயி அவன் சட்டையைப் பிடித்தாள். "கல்லு தாண்டியாச்சு. தார் ரோடு வழுவழுன்னு கெடக்கு. இனி என்னடா பயம்? போடா ராசா, போ!"

அவன் என்னைத் திரும்பிப் பார்த்தான். நான் என்ன சொல்வேன்? எனக்கும் கல்லைத்தான் தெரியும். காலை உள்ளே எடுத்தான். கதவைச் சாத்தினான். புறப்பட்டான்.

அந்த இறக்கத்தைப் பற்றி நினைத்தால் இப்போதும் எனக்கு உள்ளங்கால் கூசும். ஒரு பக்கம் மலைச்சுவர், மறு பக்கம் ஒன்றுமில்லை. முழங்கால் உயரத்துக்கு ஒரு கட்டு. அதற்கு அப்பால் மூடுபனி. பனிக்குள்ளே எங்கேயோ அருவி இரைகிறது. எவ்வளவு ஆழத்தில் என்று தெரியாது.

முதல் வளைவிலேயே ஏதோ சரியில்லை. வேன் திரும்புகிறது, ஆனால் பின்பாதி கொஞ்சம் தாமதமாகத் திரும்புகிறது; தண்ணீர்க் குடத்தைச் சுமந்து போகிறவள் சட்டென்று திரும்பினால் குடம் ஒரு பக்கம் இழுக்குமே, அப்படி. ஜெயகாந்தன் ஸ்டியரிங்கைத் தோளால் தள்ளித் திருப்பினான். துணிக்கு அடியில் பெட்டி விடாமல் கத்தியது. காளியாயி துணிக்கு மேலே தன் உள்ளங்கையை வைத்து அழுத்திக்கொண்டாள், அழுகிற பிள்ளையின் வாயைப் பொத்துகிற மாதிரி.

"அம்மா, கைய எடுங்க."

"நீ ரோட்டைப் பாரு."

அடுத்த வளைவில் கீழேயிருந்து பஸ் ஒன்று பனியைக் கிழித்துக்கொண்டு வந்தது. ஜெயகாந்தன் பிரேக்கை மிதித்தான். வேன் நிற்கவில்லை, நனைந்த ரோட்டில் பின்பக்கம் மட்டும் கட்டுச் சுவரை நோக்கி நழுவியது. மெதுவாக. அந்த மெதுவைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. என் பக்கத்துக் கண்ணாடியில் ரோடு போய், கட்டு போய், வெறும் வெள்ளை வந்தது. தனுஜாவின் தலையை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டேன். முருகா என்று சொன்னேனா, மனதுக்குள் நினைத்தேனா தெரியாது. ஏதோ ஒன்று பிடித்து வேன் நின்றது. பஸ்காரன் சிங்களத்தில் ஏதோ கத்திவிட்டு உரசாமல் மேலே போனான்.

வேன் மறுபடி நகர்ந்தது. கொஞ்ச தூரம் போனதும் தனுஜா கண்ணைத் திறந்தாள். "என்னாங்க," என்றாள் மெல்லிய குரலில், "என்னமோ கருகுது."

எனக்கும் அடித்தது, ரப்பர் தீய்கிற மணம். அந்தக் குளிரில் ஜெயகாந்தனின் பிடரியில் வேர்வை ஓடியது. வளைவு தாண்டி ரோடு அகன்ற ஓர் இடத்தில், மலைச்சுவரோரம், வேனை நிறுத்தினான்.

"ஏன்டா நிப்பாட்டுற? கொல்லப்போறியா?" காளியாயி அவன் தோளில் அடித்தாள். "ரோட்டுலயே பெக்கவிட்டு இன்னொன்னையும் கொல்லப்போறியா?"

"ஓட்டுனாத்தான்மா கொல்லுவேன்."

அவன் தன் தாயை எதிர்த்துப் பேசியதை அன்றுதான் கேட்டேன். அவளுடைய கையைப் பிடித்து நகர்த்திவிட்டுத் துணியை உருவினான். பெட்டியில் நான்கு நம்பரும் சிவப்பாக மின்னின. இடது பக்கப் பின் டயர் பதினாறு. அதற்குப் பக்கத்தில் சூட்டைக் காட்டுகிற இடம் விடாமல் துடித்துக்கொண்டிருந்தது.

"பெரியம்மா, ஒங்களுக்கு நம்பர் தெரியுமில்ல?"

"எழுத்துத்தான் தெரியாது. நம்பர் தெரியும், மாப்பிள்ளை. கொழுந்து நிறுக்கிற எடத்துல தராசைப் பாத்துப் பாத்துப் படிச்சது."

"நான் காத்து அடிச்சி மூடியப் பூட்டிப் பூட்டிக் கேப்பேன். என்ன காட்டுதுன்னு சத்தமாச் சொல்லுங்க."

தனுஜாவின் தலையைக் காளியாயியின் மடிக்கு மாற்றிவிட்டு நான் முன்சீட்டுக்கு வந்தேன். வெளியே மழையில் அவன் பம்பை மிதித்தான். மூச்சு இரைக்கிறது, பம்பு கீச்சிடுகிறது, பின்னால் தனுஜா முனகுகிறாள். சூடான டயருக்கு அவசரப்படாமல் கொஞ்சங்கொஞ்சமாகத்தான் காற்று அடிக்கவேண்டும் என்று அவனே சொல்லிக்கொண்டான். மூடியைப் பூட்டிவிட்டுக் கத்துவான்: "எவ்வளவு?"

"இருபத்திரண்டு!"

மறுபடி கழற்றி, மறுபடி மிதிப்பான். "எவ்வளவு?"

"இருபத்தெட்டு! செவப்பு இன்னும் போகல!"

"சூட்டுக்குக் கூட்டித்தான் காட்டும். இன்னும் அடிக்கணும்."

பின்னால் காளியாயி, "எவ்வளவு சம்மந்தி? எவ்வளவு?" என்று கேட்க ஆரம்பித்திருந்தாள். அந்தப் பெட்டியைச் சகுனம் கெட்டது என்றவள்தான். ஒவ்வொரு டயராக நம்பர் ஏறி, ஒவ்வொன்றாகச் சிவப்பு அணைந்தது. அத்தனை பயத்திலும் ஒரு சிவப்பு அணைந்தால் ஒரு மூச்சு விட்டோம்.

ஜெயகாந்தன் ஏறினான். உடம்பெல்லாம் சேறு. சின்னக் கியரில் போட்டு, பிரேக்கைத் தொடாமல், நடக்கிற வேகத்தில் இறக்கினான். வேன் இப்போது சொன்ன பேச்சைக் கேட்டது. வளைவில் இழுக்கவில்லை. இரண்டு வளைவு தாண்டியிருப்போம், பெட்டி திரும்பவும் கீச்சென்றது. இடது பின் டயர். முப்பதுக்கு மேல் நின்ற நம்பர் என் கண்ணெதிரே ஒவ்வொன்றாக இறங்கியது.

"எறங்குது, மாப்பிள்ளை."

"தெரியுது. சொல்லிக்கிட்டே வாங்க."

சொல்லிக்கொண்டே வந்தேன். நம்பர் குறையக் குறைய என் குரலும் குறைந்தது. அவன் தன் பக்கத்தை விட்டு வலது பக்கத்து மலைச்சுவரை ஒட்டியே போனான்; எதிரே வருகிறவர்களுக்கு விளக்கைப் போட்டுப் போட்டுக் காட்டினான். பெட்டி மட்டும் இல்லாவிட்டால் நான்கும் சரியாகிவிட்டது என்று நினைத்து வேகம் பிடித்திருப்பான். அதை அவனே பிறகு சொன்னான்.

இறம்பொடைப் பள்ளிவாசலுக்கு முன்னால் வந்தபோது தொழுகை முடிந்து ஆட்கள் வெளியே வந்துகொண்டிருந்தார்கள். தொப்பியோடு நின்ற றுமைஸ் வேனைக் கண்டதும் ஓடிவந்தான். குனிந்து அந்த டயரின் பக்கத்தைத் தொட்டவன் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டான். பக்கவாட்டில் முட்டை அளவுக்கு ஒரு வீக்கம்.

"வாப்பா!" என்று கத்தினான். "இதுல ஓரடி போகக்கூடாது!"

அப்பன் பாவா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். பள்ளிக்கு வந்திருந்த கடைக்காரர் ஒருவரின் கார் கதவைத் தானே திறந்தார். நாலு பேராகத் தனுஜாவைத் தூக்கி மாற்றினார்கள். ஜெயகாந்தன் அவளோடு ஏறினான். காளியாயியும் நானும் பின்னால் ஆட்டோவில். ஆட்டோ புறப்படும்போது பின்னால் ஒரு வெடிச் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தேன். நின்ற இடத்திலேயே வேன் ஒரு பக்கமாகச் சரிந்திருந்தது. யாரும் தொடவில்லை. காளியாயி என் கையைப் பிடித்தாள். கம்பளைவரை விடவில்லை.

கம்பளையில் தனுஜாவுக்குப் பெண் பிள்ளை பிறந்தது. கைக்குள் அடங்குகிற அளவு. கண்ணாடிப் பெட்டியில் வைத்திருந்தார்கள். அங்கேயும் ஒரு மெஷின் கீச்சுக் கீச்சென்று சத்தம் போட்டது. அது சத்தம் போடும்போதெல்லாம் ஜெயகாந்தன் கதிரையை விட்டு எழும்பிவிடுவான். நர்ஸ் பிள்ளை, "இது சும்மா, பயப்படாதீங்க" என்பாள். "சும்மா சத்தம் போடாது மிஸ், பாருங்க" என்பான். அவளும் பார்த்துவிட்டுத்தான் போவாள்.

பிள்ளை தேறி வீட்டுக்கு வந்த பிறகு றுமைஸ் அந்த டயரைக் கொண்டுவந்தான். கத்தியால் அறுத்து விரித்தான். வெளியே பாவா சொன்ன மாதிரியே புதுச் செருப்புப் போல மினுங்கியது. உள்ளே கறுப்புத் தூள், கைநிறைய. நூலெல்லாம் அறுந்து நாராகத் தொங்கியது. "இது அன்னைக்கு ஒரு நாள்ல வந்தது இல்ல," என்றான். "காத்தக் கொறச்சிக் கொறச்சித் தார்ல ஓடுனப்ப எல்லாம் கொஞ்சங் கொஞ்சமா அறுந்தது. அன்னைக்கு முடிஞ்சது."

"சந்தியில நெரப்பிக்கிட்டுத்தானே போவேன்" என்றான் ஜெயகாந்தன்.

"எல்லா நாளுமா?"

அவன் அறுத்த டயரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். சந்தியில் கூட்டமாக இருந்த நாட்கள், அவசரமான நாட்கள், கடை திறக்காத காலைகள். மற்றவர்களின் மனைவிமார், மற்றவர்களின் பிள்ளைகள். ஒவ்வொன்றாக அவன் கண்ணில் ஓடியதை நான் பார்த்தேன். காளியாயி அந்தத் தூளில் ஒரு பிடி எடுத்து விரல்களுக்கிடையில் உதிர்த்துக்கொண்டே இருந்தாள்.

அதற்குப் பிறகு அவன் காற்று இறக்கவே இல்லை. காலையில் பல் விளக்குமுன் பெட்டியைப் பார்ப்பான். மூடிகளைக் கழற்றிப் பாவாவின் மீட்டராலும் ஒரு தடவை பார்ப்பான், இரண்டும் ஒத்துப்போகிறதா என்று. பின்னால் கிடக்கிற மாற்று டயரையும் விடமாட்டான். கல் ரோட்டில் நடந்து போகிறவனைவிட மெதுவாகப் போனான்.

பெண்கள் விடுவார்களா? "காந்தன் அண்ணே, தொட்டிலு எங்க? ஒரலுல போட்டு இடிக்கிற மாதிரி இருக்கு."

"எறங்கி நடங்க."

"நடந்தா முந்திப் போயிருவமே, ஒங்களுக்கு வெக்கமா இருக்காதா?"

முன்பென்றால் அவனும் ஏதாவது சொல்லிச் சிரிப்பான். இப்போது கண்ணைப் பெட்டியிலிருந்து எடுக்கவில்லை. கல் ரோடு பரவாயில்லை. மலையிறக்கம்தான் அவனைத் தின்றது. பெட்டி அமைதியாக இருந்தாலும் ஒவ்வொரு வளைவிலும் நிறுத்தி, இறங்கி, நான்கு டயரையும் கையால் தொட்டுப் பார்ப்பான். "பெட்டி சும்மா இருக்கே மாப்பிள்ளை" என்றால், "பெட்டியில நம்பிக்கை இருக்கு பெரியம்மா. எனக்கு என் மேலதான் இல்ல" என்பான். ஒருமுறை கலியாண வீட்டுக்காரர்களை ஏற்றிக்கொண்டு இறங்கியவன், அன்றைக்கு நாங்கள் நின்ற அந்த அகன்ற இடத்தில் நிறுத்தினான். ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தான். பின்னால் சிறுபிள்ளைகள் பாடிக்கொண்டிருந்தார்களாம். அவனால் பாதத்தை அசைக்க முடியவில்லை. பிரதாப் வந்து வேனை இறக்கிக் கொடுத்தான்.

பிரதாப்புக்கே வேனை விலைக்குக் கொடுத்துவிட்டான். கொடுக்கிற அன்று நானும் நின்றேன். கதவைத் திறந்து, ஆஞ்சநேயரை உரித்துத் தன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, அடியில் இருந்த நம்பரைக் காட்டினான். பெட்டியையும் காட்டினான்.

"கத்துனா நிப்பாட்டு. யாரு என்ன சொன்னாலும் நிப்பாட்டு. அது மேல எதையும் போடாத."

"சரிடா, சரிடா. எனக்கென்ன ஒன்ன மாதிரிப் பயமா?" என்று பிரதாப் சிரித்தான்.

"பயம் வேணும்டா" என்றான் ஜெயகாந்தன்.

ஜெயகாந்தன் இப்போது கினிகத்தேனையில் இருக்கிறான். அரிசி மொத்த வியாபாரம் செய்கிற ஒருவரிடம் சின்ன லொறி ஓட்டுகிறான். மூட்டை மட்டும்தான் ஏற்றுவான்; ஆட்களை ஏற்றுவதில்லை. தனுஜாவும் பிள்ளையும் காளியாயியும் அவனோடு அந்த அரிசிக் கடைக்குப் பின்னால் உள்ள வீட்டில் இருக்கிறார்கள்.